நிலவறைக்கு ஏன் போகக் கூடாது?

“இதுக்கா மாமா ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தீங்க?” என்று கேட்டாள் என் தங்கை மகள். கையில் டீ டம்ளர், முகத்தில் இளக்காரம். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது 1958-இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’. படிக்கட்டு உச்சியில் கருநிழலாக நின்ற கிறிஸ்டோபர் லீ விறுவிறுவென்று இறங்கி வந்து, பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்கும் வீட்டுக்காரர் மாதிரி அவ்வளவு மரியாதையாகப் பேசினார். அவள் சிரித்ததில் தப்பில்லை.

நான் இதை முதலில் பார்த்தது பத்து வயதில், எதிர்வீட்டில். வாடகை டெக், மூன்று கேசட். இரண்டு தமிழ்ப் படம் முடிந்து பெரியவர்கள் பாதிப்பேர் சாய்ந்த பிறகு, மூன்றாவதாக இதைப் போட்டார்கள். காப்பியிலிருந்து காப்பி எடுத்த கேசட். இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியாது, சிவப்பு மட்டும் பளீரென்று தெரியும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. அந்தப் புரியாமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

லீ திரையில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டால் 82 நிமிடப் படத்தில் ஏழெட்டு நிமிடம் தேறும். பேசுவதும் ஆரம்பத்தில், நூலகராக வேலைக்கு வந்த ஹார்க்கரிடம் மட்டும்தான். அதற்கப்புறம் கடைசி வரை வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. அப்படியென்றால் மீதிப் படத்தில் நம்மைப் பயமுறுத்துவது யார்? கதவும் ஜன்னலும்தான். லூசி என்ற பெண் நோயாளியாகக் கிடக்கிறாள். ராத்திரி எழுந்து தோட்டத்துக் கதவைத் தானே திறந்து வைக்கிறாள், கழுத்துச் சிலுவையைத் தானே கழற்றுகிறாள், வந்து படுத்துக்கொள்கிறாள். வெளியே காய்ந்த இலைகள் புரள்கின்றன. வெற்று வாசலையே நம்மைப் பார்க்க வைக்கிறார் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர். ஜேம்ஸ் பெர்னார்டின் இசை மேலேறுகிறது. அதன் மூன்று சுரங்கள் ‘டிரா-கு-லா’ என்று பெயரையே கூப்பிடும்படி அமைத்தவை. டிராகுலா வந்து நிற்கும்போது பாதிப் பயம் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. வாசல் காலியாக இருந்தபோது அதில் நான் என்னென்னவோ நிற்க வைத்திருந்தேன்.

இதில் கலை பாதி, சிக்கனம் பாதி. ஹேமர் சின்ன நிறுவனம். தேம்ஸ் கரையில் பிரே என்ற ஊரில் ஒரு பழைய பங்களாவைத்தான் ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார்கள். பெர்னார்ட் ராபின்சன் போட்ட அரங்கையே தூணையும் திரைச்சீலையையும் மாற்றி வேறு இடமாகக் காட்டினார்கள். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா கப்பலேறி இங்கிலாந்து வருவார். இங்கே கப்பலும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. எல்லாம் ஒரு குதிரை வண்டி தூரம். டிராகுலா வௌவாலாக மாறுவாரே? அதெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கே ஒரு வரியில் முடித்துவிடுகிறார். ரப்பர் வௌவாலுக்கான செலவு மிச்சம். எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கும். ரப்பர் வௌவால் வந்திருந்தால் பத்து வயதிலேயே நானும் சிரித்திருப்பேன்.

“வெயில் பட்டா செத்துடுவாரா?” என்றாள் இடையில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1897-இல் வந்த நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பார். சக்தி குறையுமே தவிர சாக மாட்டார். சூரியனைக் கொண்டு அவரைக் கொல்லும் வழக்கம் சினிமா கொடுத்தது. 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’வில்தான் ரத்தக் காட்டேரி விடியல் வெளிச்சத்தில் கரைந்து போனது. அதிலும் ஒரு கூத்து உண்டு. அந்தக் காலத்துப் பிலிமில் இரவில் எடுக்க முடியாது. பகலில் எடுத்துவிட்டு, ராத்திரிக் காட்சிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். பின்னால் சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகள் சுற்றியபோது, சூரியனுக்குப் பயந்தவர் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் போனார்.

நமது படத்துக்கு வருவோம். வெயில் விஷயம் வசனத்தில்தான் வருகிறது, ஆகவே அன்று எனக்குத் தெரியாது. கடைசியில் வான் ஹெல்சிங்காக வரும் பீட்டர் குஷிங் நீள மேசைமீது ஓடித் தாவித் திரையைக் கிழித்து இறக்கியதும் டிராகுலா ஏன் துடிக்கிறார் என்று விளங்கவே இல்லை. பகலில் வர மாட்டார் என்ற ஆறுதலும் அதனால் எனக்கில்லாமல் போயிற்று. மறுநாள் மத்தியானம்கூடப் பின்கட்டுக்குப் போகவில்லை. லூசியின் அறையில் வைத்த வெள்ளைப் பூக்களை ஜோடனை என்று நினைத்திருந்தேன். அவை பூண்டுப் பூவாம். எங்கள் அடுக்களையில் பூண்டு சரமாகத் தொங்கியது. தெரிந்திருந்தால் இரண்டு பல்லைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். மூச்சு முட்டுகிறது என்று லூசி கெஞ்ச, வேலைக்காரி கெர்டா மனமிரங்கி அந்தப் பூக்களை வெளியே எடுத்துப் போகிறாள். விடிந்தால் லூசி இல்லை.

இப்போது வசனம் புரிகிறது. வேறு ஒரு படம் தெரிகிறது. லூசியின் அண்ணன் ஆர்தர். அவர் மனைவி மீனா. ஒரு நாள் காலையில் மீனா ரோமக் காலரைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறாள். ராத்திரி எங்கே போயிருந்தாள் என்று புருஷனுக்குத் தெரியாது. அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பத்து வயதில் இந்தக் காட்சியில் நான் தண்ணீர் குடிக்கப் போயிருக்க வேண்டும், நினைவிலேயே இல்லை. அன்றிரவு ஆர்தரும் வான் ஹெல்சிங்கும் தோட்டத்தில் நின்று விடிய விடியக் காவல் காக்கிறார்கள். ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. காலையில் பார்த்தால் மீனா ரத்தம் இழந்து கிடக்கிறாள்.

களைத்துப்போன ஆர்தர் கெர்டாவிடம் இன்னொரு பாட்டில் ஒயின் கேட்கிறார். அவள் தயங்குகிறாள். நிலவறைப் பக்கமே போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்கிறாள். சாதாரணமாக, மளிகைக் கணக்குச் சொல்வது போல. சவப்பெட்டி கீழேதான் இருக்கிறது. இவர்கள் வாசலைக் காத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரியே அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இந்த இடத்தில் ரத்தமில்லை, பல் இல்லை, லீகூட இல்லை. ஒரு வேலைக்காரி சொன்ன ஒரு வரி, அவ்வளவுதான்.

முடிவில் டிராகுலா சாம்பலாகிறார். முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் துண்டை அன்று இங்கிலாந்துத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டோக்கியோவில் இருந்த பழைய ஜப்பானியச் சுருள்களில் அது கிடைத்து, 2012-இல் மறுபடி ஒட்டினார்கள். எங்கள் கேசட்டில் அது இருந்திருக்க வழியில்லை. புதிதாகச் சேர்ந்த அந்த இடத்தைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன்.

“அது வேணாம் மாமா. அந்த அம்மா காலைல வந்து சிரிச்சாங்கள்ல, அதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க.”