45 பெரிதா, 12 பெரிதா? சுமோ யோகோசுனாக்களை ஒப்பிடுவதில் என்ன சிக்கல்?

2009-ல் ஹகுஹோ 90 ஆட்டங்களில் 86-ல் ஜெயித்தார். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த சாம்பியன் பட்டங்கள் 3. அடுத்த வருஷமும் அதே 90 ஆட்டம், அதே 86 வெற்றி. ஆனால் பட்டங்கள் 5.

ஆளும் அதே ஆள், வெற்றிக் கணக்கும் அதே கணக்கு. ஒரே வீரரின் அடுத்தடுத்த இரண்டு வருஷங்களை ஒப்பிடுவதிலேயே இப்படி இடறுகிறது என்றால், 1930-களில் ஆடியவரையும் 2010-களில் ஆடியவரையும் எப்படி ஒப்பிடுவது? சுமோ ரசிகர்களிடம் ஓயாமல் நடக்கும் 'யார் பெரிய யோகோசுனா?' விவாதத்தின் மையமே இந்தக் கேள்விதான்.

முதலில், யோகோசுனா என்றால் யார்?

ஜப்பானின் தொழில்முறை சுமோவில் மிக உயர்ந்த தகுதிநிலை இது. இதற்கு அடுத்த நிலை ஓசெகி. மற்ற எல்லா வீரர்களும் தோற்றால் கீழே இறங்குவார்கள். யோகோசுனாவுக்கு இறக்கம் கிடையாது. சரியாக ஆட முடியவில்லை என்றால் ஓய்வு பெற வேண்டியதுதான். இந்த உயரத்தைத் தொட்ட 75-வது வீரராக 2025-ல் ஓனோசாதோ தேர்வானார்.

இன்று வருஷத்துக்கு 6 தொடர்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் 15 நாள். ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம். அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம். இருவர் சமமாக இருந்தால் பிளேஆஃப். அதன் முடிவு வெற்றி, தோல்விக் கணக்கில் சேராது.

ஹகுஹோவின் 2009-ல் நடந்தது இதுதான். ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று தொடர்களில் 14 வெற்றி, 1 தோல்வியோடு முடித்தார். மூன்றிலுமே பிளேஆஃபில் தோற்றார்: இரண்டு முறை அசாஷோர்யுவிடம், ஒரு முறை ஹருமாஃபுஜியிடம். 2010 பிப்ரவரியில் அசாஷோர்யு ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வருஷம் நடந்த 5 தொடர்களும் ஹகுஹோவுக்கே!

ஆக, பட்டங்களின் எண்ணிக்கை ஒருவரின் திறமையை மட்டும் சொல்வதில்லை. எதிரே யார் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பட்டக் கணக்கு: காலண்டர் செய்யும் வேலை

மொத்தப் பட்டங்களில் முதலிடம், 45 பட்டங்கள் வென்ற ஹகுஹோவுக்கு. 2015 ஜனவரியில் அவர் முறியடிக்கும் வரை, தைஹோவின் 32 தான் சாதனை. சியோனோஃபுஜி 31, அசாஷோர்யு 25, கிதானோஉமி 24, தகானோஹானா 22.

இந்தப் பட்டியலில் ஃபுதபயாமாவைத் தேடினால் ரொம்ப கீழே போக வேண்டும். அவர் வென்றது 12 மட்டுமே. ஆனால் ஜப்பானில் 'எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்' பேச்சு வந்தால் அவர் பெயர் தவறாமல் வரும். ஏன்?

அவர் உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்கு 2 தொடர்கள்தான். 6 தொடர்கள் வந்தது 1958-ல். 1936 மே முதல் 1943 மே வரை நடந்தவை 15 தொடர்கள். அவற்றில் 12-ஐ ஃபுதபயாமா வென்றார். ஐந்தில் நான்கு!

இதை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். இன்றைய காலண்டரில் ஒருவர் ஒன்றைக்கூட விடாமல் எல்லாத் தொடர்களையும் வென்றால், 45 பட்டங்களைத் தொட ஏழரை வருஷம் போதும். வருஷத்துக்கு 2 தொடர் என்றால் அதற்கு இருபத்திரண்டரை வருஷம் ஆகும். ஃபுதபயாமா முதல் டிவிஷனில் இருந்த காலத்தில் மொத்தமாகவே 45 தொடர்கள் நடக்கவில்லை.

அப்படியானால் சதவீதம் பார்க்கலாமா?

பார்க்கலாம். 6 தொடர் காலண்டரில் ஆடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் டிவிஷனில் ஆடிய தொடர்களுக்கு எத்தனை பட்டம் என்ற கணக்கு இது:

தைஹோ: 69 தொடர்கள், 32 பட்டங்கள் – சுமார் 46%
ஹகுஹோ: 103 தொடர்கள், 45 பட்டங்கள் – சுமார் 44%
சியோனோஃபுஜி: 81 தொடர்கள், 31 பட்டங்கள் – சுமார் 38%

கேள்வியைக் கொஞ்சம் மாற்றியதும் தைஹோ முன்னால் வந்துவிட்டார். ஆனால் இதிலும் ஒரு நியாயக்குறைவு இருக்கிறது. சியோனோஃபுஜி யோகோசுனா ஆனதே 26 வயதில். அதற்கு முன் தோள்பட்டை அடிக்கடி விலகும் பிரச்னையோடு போராடிய வருஷங்களும் இந்த 81-க்குள் அடக்கம்.

ஆடாத நாளுக்கு என்ன மார்க்?

காயம் என்றால் யோகோசுனா தொடரிலிருந்து விலகலாம், தகுதிநிலை போகாது. அப்படி ஆடாமல் விட்ட நாள்களைத் தோல்வியாக எண்ணுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

முதல் டிவிஷனில் ஹகுஹோவின் கணக்கு: 1,093 வெற்றி, 199 தோல்வி, ஆடாத நாள் 253. தைஹோவின் கணக்கு: 746 வெற்றி, 144 தோல்வி, ஆடாத நாள் 136.

ஆடிய ஆட்டங்களை மட்டும் எண்ணினால் ஹகுஹோ சுமார் 85%, தைஹோ சுமார் 84%. ஆடாத நாள்களையும் சேர்த்து வகுத்தால் தைஹோ சுமார் 73%, ஹகுஹோ சுமார் 71%. ஒரே தரவுதான். வகுக்கும் எண் மாறியதும் முதலிடம் கை மாறிவிடுகிறது.

தொடர் வெற்றி: 69-ம் 63-ம்

1936 ஜனவரியில் தொடங்கிய ஃபுதபயாமாவின் தொடர் வெற்றி, 1939 ஜனவரியில் அகினோஉமியிடம் தோற்றபோது 69-ல் நின்றது. ஹகுஹோ 2010-ல் 63 வரை போய், நவம்பரில் கிசெனோசாதோவிடம் தோற்றார். அடுத்து சியோனோஃபுஜி, 1988-ல் 53.

69-க்கு மூன்று வருஷம். 63-க்குப் பத்து மாதம். எது கஷ்டம்? மூன்று வருஷம் உடம்பையும் ஆட்டத்தையும் அதே உச்சத்தில் வைத்திருப்பது லேசான காரியமில்லை. அதே நேரம், ஃபுதபயாமாவுக்குத் தொடர்களுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருந்தது. ஹகுஹோவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தொடர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தைஹோவின் கதை வேறு. அவருடைய தொடர் வெற்றி 1969 மார்ச்சில் 45-ல் நின்றது. நடுவர் தைஹோ ஜெயித்ததாகத்தான் அறிவித்தார். களத்தைச் சுற்றி அமர்ந்திருந்த தீர்ப்பாளர்கள் அதை மாற்றி, தோதாவுக்கு வெற்றி கொடுத்தார்கள். ஆனால் தோதாவின் கால்தான் முதலில் வெளியே பட்டிருந்தது என்பதைப் படங்கள் காட்டின. முடிவு மாறவில்லை. அடுத்த மே தொடரிலிருந்து வீடியோ பார்த்துத் தீர்ப்பளிக்கும் முறை வந்தது. சாதனைப் புத்தகத்தில் அந்த 45 இன்றும் 45 தான்.

யாரோடு மோத வேண்டியதில்லை?

ஒரே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் தொடரின் வழக்கமான ஆட்டங்களில் மோதுவதில்லை. பிளேஆஃப் வந்தால் மட்டுமே விதிவிலக்கு. சியோனோஃபுஜியின் கொகொனோஎ கூடத்தில் ஹொகுதோஉமி என்ற இன்னொரு யோகோசுனாவும் இருந்தார். 1989 ஜூலை பிளேஆஃபில்தான் இருவரும் பட்டத்துக்காக நேருக்கு நேர் நின்றார்கள், சியோனோஃபுஜி ஜெயித்தார். 1990-களில் தகானோஹானாவுக்கும் இதே சாதகம். அவருடைய அண்ணன் வகானோஹானா உட்பட பல வலுவான வீரர்கள் அவர் கூடத்திலேயே இருந்தார்கள். 1995 நவம்பர் பிளேஆஃபில் அந்த அண்ணனிடமே தம்பி பட்டத்தை இழந்தார்.

இந்த விதி 1965-ல் வந்தது. அதற்கு முன், ஒரே குழுமத்தைச் சேர்ந்த வெவ்வேறு கூடங்களின் வீரர்களும் மோதுவதில்லை. தைஹோவின் ஆரம்பப் பட்டங்கள் அந்தப் பழைய விதியில் வந்தவை.

யோகோசுனாவே ஆகாதவர்

இன்னும் பின்னால் போனால் ரைடென். 1800-ஐ ஒட்டிய காலத்து வீரர். 254 வெற்றி, 10 தோல்வி. முடிவில்லாமல் போன ஆட்டங்கள் தனி. ஆனால் அவர் ஓசெகியாகவே ஓய்வு பெற்றார். அன்று யோகோசுனா என்பது தகுதிநிலை அல்ல. இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டிச் சடங்கு செய்வதற்கான உரிமம். மறுபக்கம், 1980-களில் ஃபுதாஹகுரோ ஒரு பட்டம்கூட வெல்லாமல் யோகோசுனா ஆகி, அப்படியே 1987-ல் வெளியேறினார். 'யோகோசுனாக்களை மட்டும் ஒப்பிடுவோம்' என்று ஆரம்பித்தால் ஃபுதாஹகுரோ உள்ளே, ரைடென் வெளியே!

சரி, அப்போ யார்தான் பெரிய ஆள்?

'எவ்வளவு சாதித்தார்?' என்று கேட்டால் ஹகுஹோ. 45 பட்டங்களோடு, ஒரு தோல்விகூட இல்லாமல் வென்ற தொடர்கள் மட்டும் 16. தைஹோவுக்கும் ஃபுதபயாமாவுக்கும் அது தலா 8. 'ஆடிய தொடர்களில் எவ்வளவு அடிக்கடி வென்றார்?' என்றால் தைஹோ. 'உச்சத்தில் இருந்தபோது தன் காலத்தை எவ்வளவு ஆண்டார்?' என்றால் ஃபுதபயாமா. மூன்றும் மூன்று கேள்விகள். ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றுக்குச் சொல்வதில்தான் சண்டையே வருகிறது.

தொழில்முறைக்கு வந்து வெறும் 13 தொடர்களில் யோகோசுனா ஆகிவிட்ட ஓனோசாதோவை இனி எல்லோரும் 45 என்ற எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். அவர் 20 பட்டங்களோடு நின்றால் 'ஹகுஹோவில் பாதிகூட இல்லை' என்ற பேச்சு வரும். அப்போது அந்த 20, எத்தனை தொடர்களில், யார் எதிரே நின்றபோது வந்தது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.