மலைப்பாதை ஜீப்புக்கு 'பவர்' ஏற்றினால் உண்மையிலேயே வேகம் கூடுமா? கணக்கும் சட்டமும் என்ன சொல்கின்றன?

மாம்பழ சீசனில் முதலமடை பக்கம் போயிருக்கிறீர்களா? கொல்லங்கோட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் தோப்புக்குத் தோப்பு ஜீப்பும் பிக்கப்பும் நிற்கும். தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை. இந்த ஊராட்சிக்குள்ளேயே இருக்கிற பரம்பிக்குளத்துக்குப் போகணும் என்றால் பொள்ளாச்சி பக்கம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகணும். இந்த ஊர்களில் ஜீப் என்பது பொழுதுபோக்கு வண்டி மட்டுமல்ல. நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கும், இடுக்கியில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும் அதை ஓட்டித்தான் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

அதனால் பழைய ஜீப் வைத்திருக்கும் யாரோடு பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "வண்டிக்குக் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" முடியும். ஆனால் எதற்காக ஏற்றுகிறீர்கள், ஏற்றினால் வேறு எது குறையும், போலீஸோ ஆர்டிஓவோ மறித்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

மலை ஏற எத்தனை குதிரை வேணும்?

நாம் ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஜீப். 20 டிகிரி சரிவு. இது சாதாரண மலைச்சாலையில் வராத, நல்ல செங்குத்தான ஏற்றம். மண் பாதை. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்.

சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 684 கிலோ. கரடுமுரடான மண்ணில் சக்கரம் உருளுவதற்கான எதிர்ப்பு, தோராயமாக, இன்னொரு 150 கிலோ. மொத்தம் 834 கிலோ. இதை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் தள்ள சக்கரத்தில் ஏறக்குறைய 31 குதிரைத்திறன் போதும். கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் வீணாவதைச் சேர்த்தாலும் இன்ஜின் 36 குதிரைத்திறன் கொடுத்தால் காரியம் முடிந்தது.

2010-இல் வந்த மஹிந்திரா தாரின் குறைந்த விலை டிஐ மாடலில் இருந்தது 63 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்பில் 60. இந்த இரண்டுமே அந்த ஏற்றத்துக்குப் போதும். 2020-இல் வந்த புதிய தாரின் டீசல் இன்ஜின் 130 குதிரைத்திறன். அதே ஏற்றத்தில் அதில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் வண்டி ஏன் பாதியில் நின்று சக்கரம் சுற்றுகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சக்கரம் மண்ணைப் பிடிக்கும் அளவுக்குத்தான் தள்ள முடியும். ஈரச் சேற்றில் அந்தப் பிடிமானம் எடையில் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நம்ம ஜீப்புக்குக் கிடைப்பது சுமார் 750 கிலோ. தேவையோ 834. இன்ஜின் 63 குதிரையோ 300 குதிரையோ, வண்டி ஏறாது. டயர் குழி தோண்டும். அதே பாதை காய்ந்து கெட்டியாக இருந்தால் பிடிமானம் 1,300 கிலோவைத் தாண்டும், பழைய ஜீப்பே ஏறிவிடும். ஜூன் மாதம் நின்ற இடத்தில் ஜனவரி மாதம் வண்டி ஏறுவதற்கு இதுதான் காரணம். இன்ஜின் அதேதான்.

டார்க், பவர்: எது எதுக்கு?

டார்க் என்பது திருப்பும் விசை. பவர் என்பது அந்த விசையை எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடிகிறது என்பது. ஏத்தம் ஏறுவதற்கு டார்க், நெடுஞ்சாலையில் பறப்பதற்கு பவர் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். முழுசாகச் சரியில்லை என்றாலும் மோசமான விளக்கம் இல்லை.

டார்க்கைப் பெருக்குவதற்கு இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஜீப்பில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லிவர் எதற்கு? அதுதான் லோ ரேஞ்ச். தாரில் அந்த விகிதம் 2.48. அதாவது, அந்த லிவரைப் போட்ட உடனே சக்கரத்துக்குப் போகும் விசை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிறது. வேகம் அதே அளவு குறைகிறது. 180 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 4, கடைசியாக ஆக்ஸிலில் 4 என்று உத்தேசமாக வைத்துக் கணக்குப் போட்டால், லோ ரேஞ்சில் சக்கரத்தில் சுமார் 1,700 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். நமக்குத் தேவைப்பட்டதைப்போல இரண்டு மடங்கு! எந்த ரீமேப்பும் ஒரே நாளில் டார்க்கை இரண்டரை மடங்கு ஆக்காது. லிவரைத் தள்ளினால் ஆகிவிடும், காசும் இல்லை.

மேலே போகப் போக மூச்சு வாங்கும்

ஒரு இடத்தில் மட்டும் 'பவர் இல்லை' என்ற புகார் நியாயமானது. கொழுக்குமலை கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதைவிட 18 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய அதே விகிதத்தில் பலம் இழக்கும். டர்போ இன்ஜின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். உங்கள் பழைய ஜீப் கீழே நன்றாக ஓடி, மேலே போனதும் கரும்புகை விட்டுத் திணறினால் அதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். தோப்புப் புழுதியில் ஓடிய வண்டியில் அதுவே பாதிப் பிரச்னை.

சரி, ஏத்தணும்னா எப்படி ஏத்துறாங்க?

டீசல் இன்ஜினில் அதிக பலம் என்றால் அதிக எரிபொருள், அதை எரிக்க அதிகக் காற்று. பழைய இன்ஜின்களில் எரிபொருள் பம்பில் இருக்கும் திருகை ஏற்றிவிடுவார்கள். டீசல் கூடும், காற்று கூடாது. எரியாத டீசல்தான் கரும்புகையாக வெளியே வருகிறது. கூடவே எரிஅறை வெப்பம் எகிறும்; ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், கிளட்ச் என்று வரிசையாகச் செலவு வரும்.

புதிய இன்ஜின்களில் எல்லாவற்றையும் ஒரு கணினி கட்டுப்படுத்துகிறது. அதன் நிரலை மாற்றி டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் ஏற்றுவதைத்தான் ரீமேப் என்கிறார்கள். இது வேலை செய்யும், மறுக்க முடியாது. ஆனால் நிறுவனம் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பது மலையேற்றத்தில் குறைந்த வேகத்தில், முழு ஆக்ஸிலரேட்டரில், ரேடியேட்டருக்குக் காற்றே போகாத நேரத்துக்காகத்தான். அந்த இடத்தை நீங்கள் நெடுஞ்சாலையில் செலவழித்துவிட்டால் மலையில் கையில் எதுவும் இருக்காது. பிஎஸ்-6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அது நேரடியாக மாசு விதி மீறல்.

2010 தாரையே பாருங்கள். சுமார் 2,500 சிசி அளவில் இரண்டு இன்ஜின்கள்: டிஐ 63 குதிரைத்திறன், சிஆர்டிஇ 105. திருகைத் திருப்பி வந்த வித்தியாசம் இல்லை இது. எரிபொருளை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் முறையும் அதற்கான மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட வேறு இன்ஜின்.

பெரிய டயரின் இரகசியம்

எனக்கு இதில் மிகவும் வேடிக்கையாகத் தோன்றுவது டயர் விஷயம். பவர் ஏற்றக் காசு கொடுக்கும் அதே ஆள், பெரிய டயரையும் போடுவார். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால் சக்கரத்தின் தள்ளுவிசை கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைகிறது. ஏற்றிய பவரில் ஒரு பகுதி அங்கேயே போச்சு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் நீங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த இழப்பை ஈடுகட்ட ஆக்ஸிலில் கிரவுன்-பினியன் விகிதத்தை 4.27-லிருந்து 4.88-க்கு மாற்றினால் விசை 14 சதவீதம் கூடும். செலவு உங்கள் தலையில்.

பெரிய டயரோடு வண்டியைத் தூக்கியும் வைத்தால் (லிஃப்ட் கிட்) ஈர்ப்பு மையம் மேலே போகும். சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் ஈர்ப்பு மையமும் உள்ள ஒரு வண்டி 46 டிகிரி பக்கவாட்டில் சாயும்வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 44 டிகிரி. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கான கணக்கு. ஒரு பக்கச் சக்கரம் கல் மேல் ஏறி, மறுபக்கம் குழியில் இறங்கி, பின்னால் ஆறு பேர் ஒரே பக்கம் சரியும்போது மிச்சம் இருக்கும் இடம் ரொம்பக் குறைவு.

இறங்கும்போது என்ன செய்வீங்க?

பவர் பேச்சில் யாரும் இறக்கத்தைப் பேசுவதில்லை. 2,000 கிலோ ஜீப் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை வெப்பமாக மாற்றினால் 67 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அதை பிரேக் மட்டும் தாங்கணும் என்றால் ட்ரம் பழுத்துவிடும். லோ ரேஞ்சில் போட்டு இன்ஜினே பிடித்துக்கொள்ளும்படி இறங்குவது இதனால்தான். வேகம் 30-லிருந்து 45 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. ரீமேப் செய்த எத்தனை வண்டியில் பிரேக்கையும் சேர்த்து மாற்றுகிறார்கள்?

2025 ஜூலையில் மூணாறு பகுதியில் ஜீப் கவிழ்ந்து தமிழ்நாட்டிலிருந்து போன சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கும் ஆஃப்-ரோடு பயணங்களுக்கும் தடை போட்டது. பின்னர் நிபந்தனைகளோடு சில வழித்தடங்கள் திறக்கப்பட்டன. ஒரு விபத்து, ஒரு மாவட்டத்து ஓட்டுநர்கள் அத்தனை பேரின் வருமானத்தையும் நிறுத்திவிடும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, நிறுவனம் குறிப்பிட்டு ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று உறுதிசெய்தது. அந்த வழக்கு கேரளாவிலிருந்து போனதுதான். மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு ரத்து செய்தது. நிறம் மாற்றுவது போன்ற சின்ன விஷயங்கள் வேறு. அதே வகை இன்ஜினை மாற்றவும் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும்.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொன்றுக்கும்' என்பதைக் கவனியுங்கள். டயர், சைலன்சர், பம்பர், லைட் என்று நான்கு மாற்றம் என்றால் 20,000. சத்தம், மாசு விதிமீறலுக்குத் தனி. இதைவிடப் பெரிய அடி காப்பீட்டில் விழலாம்: தெரிவிக்காத மாற்றங்களைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான தொகையை நிறுவனம் மறுக்கவோ குறைக்கவோ வாய்ப்பு உண்டு.

'தனியார் எஸ்டேட்டுக்குள்ளதானே ஓட்டுறோம்' என்பது வழக்கமான பதில். 2022 மே மாதம் இடுக்கி வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு பந்தயத்தில் நடிகர் ஜோஜு ஜார்ஜ் ஜீப் ஓட்டிய காணொலி பரவியது. மோட்டார் வாகனத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் 5,000 ரூபாய் அபராதம் கட்டினார். பந்தயம்தான் வேண்டும் என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் அங்கீகாரம் உள்ள போட்டிகளுக்குப் போகலாம்.

காசு எங்கே போடலாம்?

என்னைக் கேட்டால், முதல் செலவு டயர்தான். பெரிய டயர் இல்லை. ஆர்சியில் உள்ள அதே அளவில், சேற்றுக்கேற்ற பட்டன் உள்ள டயர். சேற்றில் இறங்கும்போது காற்றை 20 பிஎஸ்ஐ அருகே குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றணும், கையில் ஒரு சின்ன கம்ப்ரசர் இருந்தால் போதும். அடுத்து டிஃபரன்ஷியல் லாக். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் இன்ஜினின் விசை அந்தச் சக்கரம் சும்மா சுற்றுவதிலேயே போய்விடும், பிடித்திருக்கும் சக்கரம் நின்றுகொண்டிருக்கும். லாக் அதைத் தடுக்கும். நிறுவனமே பொருத்தித் தரும் மாடல்கள் உண்டு. அப்புறம் ரேடியேட்டர், பிரேக் லைனிங், இன்ஜெக்டர், டர்போ குழாய்க் கசிவு. பத்து வருட ஜீப்பில் இவற்றைச் சரிசெய்தாலே, காணாமல்போன குதிரைகளில் பல திரும்பி வந்துவிடும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு வரும் விவரங்களை நேரில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். கையில் ஆர்சியை வாங்கி இன்ஜின் எண், சிசி, இருக்கை எண்ணிக்கையையும் சரிபாருங்கள். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றமாக இருந்தாலும், சோதனையில் சிக்கும் நாளில் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ் வரும்.