‘100 வருஷ வெள்ளம்’ என்றால் 100 வருஷம் பொறுக்குமா?

"ஃப்ளட் ஸோன்ல இல்லடா, பேப்பர்லயே போட்டிருக்கு." வட கரோலினா மலைப்பக்கம் ஓர் ஓடையோரமாக வீடு பார்த்துவிட்டு வந்த நண்பன் சொன்னது. சார்லட்டிலும் ராலேயிலும் வேலை பார்க்கும் நம்மவர்களில், இலையுதிர் காலத்தில் ஆஷ்வில் பக்கம் போகாதவர்கள் குறைவு. அங்கே ஒரு கேபின் வாங்கிப் போட்டால் வாடகைக்கும் விடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. நான் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஓடையில இதுவரைக்கும் யாராவது தண்ணிய அளந்திருக்காங்களா?"

‘100 வருஷ வெள்ளம்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 100 வருடத்துக்கு ஒரு முறை முறைவைத்து வரும் வெள்ளம் அல்ல அது. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவையோ அதற்கு மேலோ வெள்ளம் தொட 1 சதவீத வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். போன வருஷம் வந்துவிட்டதால் இந்த வருஷம் வராது என்று இல்லை. 30 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்று!

சரி, அந்த 1 சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரிய ஆறு என்றால் அளவுமானி இருக்கும். ஒவ்வொரு வருடத்தின் உச்ச வெள்ளத்தையும் எடுத்து, அதற்குப் பொருந்தும் வளைகோட்டை 100 வருட அளவு வரை நீட்டுவார்கள். சின்ன மலை ஓடைகள் பலவற்றில் மானியே கிடையாது. அங்கே கடன் வாங்கிய கணக்குதான். அந்த வட்டாரத்தில் மானி உள்ள கிராமப்புற ஓடைகளை வைத்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் சமன்பாடுகளை உருவாக்கியிருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பு போன்ற சில விவரங்களைக் கொடுத்தால் வெள்ளத்தின் அளவு வந்துவிடும். இதில் 30, 40 சதவீதப் பிழை சாதாரணம். விடை 1,000 கன அடி என்று வந்தால், உண்மை 700 ஆகவும் இருக்கலாம், 1,400 ஆகவும் இருக்கலாம்.

மலையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு முகட்டில் கொட்டும் மழை அடுத்த முகட்டில் தூறலாக இருக்கும். சரிவு செங்குத்து, மண் மெல்லிசு. பெய்த தண்ணீர் சில மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். கூடவே மண்ணும் மரமும் பாறையும் வரும். இதெல்லாம் சமன்பாட்டுக்குள் முழுதாக அடங்காது.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் காட்டியது இதைத்தான். புயல் வருவதற்கு முன்பே பெய்த மழையில் மண் ஊறிப் போயிருந்தது. பியூசிக் என்ற சின்ன ஊரில் அந்தச் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. சென்னையின் ஒரு வருட மழையில் பாதிக்கும் அதிகம்! ஆஷ்வில்லில் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு 24 அடியைத் தாண்டி, 1916 வெள்ளத்தின் சாதனையை முறியடித்தது. வட கரோலினாவில் மட்டும் 100க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

வெள்ளம் வடிந்ததும் யுஎஸ்ஜிஎஸ் ஆட்கள் சுவரிலும் மரத்திலும் தண்ணீர் விட்டுப்போன தடங்களைத் தேடி அளந்தார்கள். அந்த அளவுகள் கணக்கில் சேரும்போது, பழைய ‘100 வருஷ’ அளவும் மாறலாம். அதாவது உங்கள் பேப்பரில் இருப்பது தீர்ப்பு அல்ல, அன்றைய தேதிக்கான மதிப்பீடு. இன்னொன்று: ஒரு சதுர மைலுக்கும் குறைவான நீர்ப்பிடிப்புள்ள ஓடைகளை ஃபீமா வரைபடங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. ‘ஸோனில் இல்லை’ என்றால் ‘யாரும் பார்க்கவில்லை’ என்றும் அர்த்தம் இருக்கலாம்.

அதனால் வாங்குவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். யுஎஸ்ஜிஎஸ்ஸின் ‘ஸ்ட்ரீம்ஸ்டாட்ஸ்’ இணையதளம் இலவசம். ஓடையின் மேல் க்ளிக் செய்தால் நீர்ப்பிடிப்புப் பரப்பையும் வெள்ள மதிப்பீட்டையும் எடுக்கலாம். நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காமல், கூடவே தரும் மேல் எல்லையையும் பாருங்கள். இரண்டாவது, சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. ஸோனுக்கு வெளியே இருந்தாலும் தனி வெள்ளக் காப்பீடு வாங்கலாம். ஆனால் அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் செய்தி வந்தபிறகு ஓடினால் கிடைக்காது.

மூன்றாவது, அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய வெள்ளத் தடங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் நிபுணர்களே கணக்கில் சேர்க்கிறார்கள். நாம் கேட்பதில் என்ன வெட்கம்?

நண்பன் போய்க் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுத் தாத்தா பேசவே இல்லையாம். தன் கொட்டகைச் சுவரில் இடுப்புயரத்தில் இருந்த ஒரு சேற்றுக் கோட்டை மட்டும் காட்டினாராம். இப்போது அவன் மேட்டில் வீடு தேடிக்கொண்டிருக்கிறான்.