நாலு மணிப் பெரட்டு

கிள்ளானிலிருந்து பெம்பானுக்கு நெடுஞ்சாலையில் போனால் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் இரண்டரை. அப்பா அன்று நெடுஞ்சாலைப் பக்கமே போகவில்லை. சிரம்பான், ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா என்று பழைய சாலையிலேயே காரை ஓட்டினார். தம்பினில் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிட்டோம். தே தாரிக் ஆறும்வரை அப்பா பேசவே இல்லை. போய்ச் சேர அவருக்கு அவசரமில்லை என்று புரிந்தது.

ஒரு வாரத்துக்கு முன் சித்தப்பா தொலைபேசியில் அழைத்திருந்தார். பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கதவைத் திறந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். இரண்டு முறை பக்கத்து வீட்டுக்காரர்தான் சாலையோரத்திலிருந்து அழைத்து வந்தார். "பெரட்டுக்குப் போறேன்னு சொல்றாங்கண்ணே. எந்தத் தோட்டத்துல பெரட்டு?" என்று கேட்டார் சித்தப்பா.

பெரட்டு என்றால் என்னவென்று என் தம்பிக்குத் தெரியவில்லை. உங்களில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம். இருள் பிரியும் முன் தோட்டத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. எனக்கும் அது அப்பா சொல்லிக் கேட்ட சொல்தான். மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு நாங்கள் பெம்பானை விட்டுக் கிள்ளானுக்கு மாறிவிட்டோம். அதற்கு முன்பே தோட்டம் மூடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன.

பாட்டியைக் கிள்ளானுக்கு அழைத்து வருவதா இல்லையா என்று முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம். எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. பாட்டி வந்தால் என் அறையைத்தான் கொடுக்க வேண்டும். அதை நினைத்து முகம் சுளித்தேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

டுரியான் துங்காலைக் கடந்து ஆயர் குரோவை நெருங்கியபோதுதான் அப்பா வாய் திறந்தார். "புக்கிட் லிந்தாங் இந்தப் பக்கம்தான்" என்றார். நான் பல்கலைக்கழகத்தில் விவசாய அறிவியல் படிக்கிறேன். அந்தப் பெயரைத் தேர்வில் எழுதியிருக்கிறேன். 1896-இல் டான் சாய் யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்ட இடம் அது. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது அங்கேதான். பிறகு ஜாசின் மாவட்டத்திலுள்ள புக்கிட் அசாஹானில் அவர் இன்னும் பெரிய அளவில் நட்டார். அவருக்கு ஊக்கம் தந்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. ரப்பர் விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு பார்ப்பவரிடமெல்லாம் நடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரே இருந்தது. மரம் சாகாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை உருவாக்கியவரும் அவர்தான். இவை எல்லாம் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் தெரியும். தமிழில் சொல்லிப் பார்த்தேன். பாதிச் சொற்கள் கைவசம் இல்லை.

தேஹெலைத் தாண்டிப் பெம்பானுக்குள் நுழையும்போது மதியம் ஆகிவிட்டது. பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். என்னை உற்றுப் பார்த்து, "நீ மூணாம் நம்பர் லயத்துப் புள்ளதானே? பால் எடுத்துட்டியா?" என்று கேட்டார். பேத்தி என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "மழ வரும்போல இருக்கு, சீக்கிரம் எடுத்துடு" என்றார்.

மறதி நோயில் அண்மைய நினைவுகள்தாம் பெரும்பாலும் முதலில் அழியும் என்றும், பல்லாண்டு பழகிய கைவேலை கடைசிவரை நிற்கக்கூடும் என்றும் படித்திருக்கிறேன். ஆனால், சொந்தப் பாட்டி நம்மை யாரோ என்று பார்க்கும்போது படித்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை.

அன்றிரவு நான் கூடத்தில் படுத்தேன். சரியாக நான்கு மணிக்குப் பாட்டி எழுந்தார். தலைத்துணி கட்டினார். குளியலறையிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு, பூட்டிய கிரில் கதவை ஆட்டத் தொடங்கினார். சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "சாவியக் கொண்டா, நாமும் போவோம்" என்றார்.

பாட்டி முன்னே நடந்தார். எங்கும் தயங்கவில்லை. கடைவீதி முடிந்ததும் இடப்புறம் திரும்பி ஒரு மண்பாதையில் இறங்கினார். பாதை செம்பனைத் தோப்பில் போய் முடிந்தது. லயம் இங்கேதான் இருந்தது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். ரப்பருக்கு ஒவ்வொரு மரமாகப் போய்ச் சீவ ஆள் வேண்டும். செம்பனைக்கு அவ்வளவு பேர் தேவையில்லை. அந்தக் கணக்கில்தான் எத்தனையோ லயங்கள் காலியாயின. ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் இருந்த நம் நாடு 1990-களில் அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டது.

பாட்டி ஒரு செம்பனையின் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். சொரசொரப்பாக இருந்திருக்கும். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என் நெரையில எவன்டா இத நட்டது?"

அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. அப்பா பதில் சொல்லாமல் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

திரும்பும் வழியில், சாலையோரம் ஒரு மலாய்ப் பெரியவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் சிறு நிலத்தில் ரப்பர் சீவிக்கொண்டிருந்தார். விடியலில் காற்று குளிர்ந்திருக்கும்போது மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். நான்கு மணிப் பெரட்டுக்குக் காரணமே அதுதான். அவருக்குப் பாட்டியைத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் உளியை நீட்டினார்.

தேநீர்க் குவளையைப் பிடித்தால் நடுங்கும் கை அது. உளியைப் பிடித்தபோது நடுங்கவில்லை. இடமிருந்து வலமாகச் சரிவாக ஓர் இழுப்பு. பட்டை நூல்போல் சுருண்டு விழுந்தது. வெண்மையாகப் பால் கசிந்து, வெட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டியது. பாட்டி மங்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு உளியை என் கையில் திணித்தார்.

நான் அழுத்திவிட்டேன். "ஏய், எலும்பு தெரியப்படாது! புண்ணாயிடும்" என்று கையில் ஒரு தட்டு. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வளர்திசு ஒன்று இருக்கிறது, அது காயப்பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்று விரிவுரையில் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தைப் பாட்டி இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். உடனே பெரியவரிடம் திரும்பி, "போகோக் இனி சுடா துவா" என்று நல்ல மலாயில் இந்த மரத்துக்கு வயதாகிவிட்டது என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

காலை பசியாறும்போது அப்பா பேச்சை எடுத்தார். அம்மாவை இந்த மண்ணிலிருந்து பிரித்து ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோய் அடைக்க மனம் வரவில்லை என்றார். எனக்கும் அப்படியே தோன்றியது. சித்தப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

"நீங்க ஒருநாள் நடந்து பாத்தீங்கண்ணே. தினமும் ராத்திரி முழிக்கிறது இவதான்."

சித்தி அப்போது பாட்டியின் காலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு அவர் தொழிற்சாலை பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் உறைத்தது சித்தப்பாவின் அந்தச் சொல்தான். மண், மரம், நினைவு என்று நாங்கள் உருகிக்கொண்டிருந்தபோது தூக்கம் போனவரை யாரும் கேட்கவில்லை.

நீண்ட நேரம் பேசினோம். மருத்துவரிடம் காட்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு அப்பா வந்து தங்குவதாக ஏற்பாடு. எனக்குப் பருவ விடுமுறை இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வாரம் கழிச்சு?"

யாரிடமும் பதில் இல்லை. மாலையில் அப்பாவும் அம்மாவும் தம்பியும் கிளம்பினார்கள். மறுநாள் வேலை என்பதால் இந்த முறை நெடுஞ்சாலை. கார் மறைந்ததும் சித்தி கிரில் கதவுச் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார். கைப்பேசியில் மூன்றே முக்காலுக்கு மணி வைத்துவிட்டுப் பாட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.