ஒரு கணினியும் பல வாசல்களும்

வானொலி அலைகள் மனிதரின் குரலைக் கடல் கடந்து கொண்டுசெல்வதை நேயர்கள் நாளும் கேட்டு வருகின்றனர். அதே இனத்தைச் சேர்ந்த அலைகளைக் கொண்டு, கையிலுள்ள ஒரு சிற்றட்டையின் அடையாளத்தையும் அறிந்துகொள்ளலாம். நூலகத்திற் புத்தகம் இரவல் பெறுவதற்கும், பேருந்திற் கட்டணம் செலுத்துவதற்கும், அலுவலகக் கதவைத் திறப்பதற்கும் இன்று பல நாடுகளில் இத்தகைய அட்டைகள் பயன்படுகின்றன. ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு இம்முறையை ஆர்.எஃப்.ஐ.டி. என வழங்குவர்.

இவ்வட்டையினுள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருளொன்றும் மிகச் சிறிய சில்லொன்றுமே உண்டு. வாசிப்புக் கருவி 13.56 மெகாஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் காந்தப் புலத்தைத் தன்னைச் சுற்றிப் பரப்புகிறது. அட்டை அப்புலத்துள் வந்ததும் அதன் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதனையே உணவாகக் கொண்டு சில்லு விழித்தெழுந்து, புலத்தின்மீது தான் ஏற்றும் சுமையை மாற்றி மாற்றித் தன் எண்ணை அறிவிக்கிறது. அலையைத் திருப்பி அனுப்புவதாலேயே செய்தி சொல்லலாம் என ஹரி ஸ்டாக்மன் 1948 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இத்துறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இவ்வாறு பெறப்படும் எண்ணைப் பதிந்து வைக்க ஒரு கணினி வேண்டும். மாணவர் கணினிக் கலையைக் கற்றல் வேண்டும் என்னும் நோக்குடன் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டு, 2012 பெப்ரவரி 29 ஆம் நாள் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி இதற்குப் போதுமானது. உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையோடு ஆர்.சி. 522 என்னும் மலிவான வாசிப்புக் கருவியை இணைப்பது எளிது. ஆனால் ஒரு நூலகத்திற்கு உள்வாசல், வெளிவாசல், இரவல் மேசை என மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிக் கணினி வாங்குவது சிறு நிறுவனங்களுக்கு இயலுமா? ஒரே கணினி பல கருவிகளை ஆளவேண்டிய தேவை இங்குதான் எழுகின்றது.

இதற்கு உதவுவது எஸ்.பி.ஐ. எனப்படும் இணைப்பு முறை. இதில் நான்கு கம்பிகள் உள. ஒன்று தாளம் போடுவது. ஒன்று கணினியின் சொல்லைக் கொண்டுசெல்வது. ஒன்று கருவியின் மறுமொழியைக் கொண்டுவருவது. இம்மூன்றும் எல்லாக் கருவிகளுக்கும் பொது. நான்காவதான தேர்வுக் கம்பி மட்டும் கருவிக்கு ஒன்றாகத் தனியே செல்லும். வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பெயர் அழைக்கப்பட்ட மாணவன் மட்டும் பதில் சொல்ல, ஏனையோர் வாய்மூடி இருப்பர் அன்றோ? அவ்வாறே எக்கருவியின் தேர்வுக் கம்பியிற் கணினி மின்னழுத்தத்தைத் தாழ்த்துகின்றதோ அக்கருவி மாத்திரம் மறுமொழி கூறும். இரண்டு ஒருங்கே பேசின் எதுவும் விளங்காது.

ராஸ்பெரி பையில் இப்பொது வழிக்கென இரண்டு தேர்வுக் கம்பிகள் இயல்பாகவே உள்ளன. மூன்றாவது கருவி வேண்டுமாயின், பொதுப் பயனுக்குரிய வேறோர் ஊசியை மென்பொருள் வழியாகத் தேர்வுக் கம்பியாக்கலாம். ஆயின் கணினி விழிக்கும் வேளையில் அவ்வூசிகளுட் பல தாழ்ந்த நிலையில் இருப்பதுண்டு. அந்நிலையிற் கருவி தன்னை அழைத்ததாகக் கொள்ளும். ஆகவே, ஒவ்வொரு தேர்வுக் கம்பியையும் ஒரு மின்தடையின் வழியே 3.3 வோல்ற்று மின்வழங்கலோடு சேர்த்து உயர்ந்த நிலையில் வைத்தல் நன்று. 5 வோல்ற்றை இவ்வூசிகளுக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது; கொடுப்பின் பலகை பழுதுபடும். கருவிகள் பெருகினால் அவற்றுக்கு வேறாக 3.3 வோல்ற்று வழங்கி, புவிக்கம்பியை மட்டும் கணினியுடன் பொதுவாக்குதல் வேண்டும்.

இன்னும் இரு தடைகள் உள. கம்பி நீளுந்தோறும் தாளம் சிதையும். எனவே வேகத்தைக் குறைத்துக் கம்பியைச் சுருக்கமாக அமைத்தல் வேண்டும். தொலைவிலுள்ள வாசலுக்கு அவ்விடத்திலேயே ஒரு சிறு கட்டுப்படுத்தியை வைத்து, நெடுந்தூரத்திற்கேற்ற வேறு வழியாற் செய்தியை அனுப்புவதே தக்கது. அடுத்து, அருகருகே உள்ள இரு கருவிகளின் புலங்கள் ஒன்றோடொன்று கலந்து அட்டையைக் குழப்பும். ஆதலின் ஒன்றின் புலத்தை ஏற்றி, அட்டை உண்டா எனக் கேட்டு, எண்ணையும் வாசலின் பெயரையும் நேரத்தையும் பதிந்து, அப்புலத்தை அணைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுமாறு மென்பொருளை எழுதுவர். இச்சுற்று விரைந்து நடப்பதால் அட்டையை நீட்டுபவர் தாமதத்தை உணரார்.

கம்பிகளைச் சரிவர இணைத்துவிட்டதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அட்டையின் எண் எவருக்கும் மறையாத எண். அதனை வேறோர் அட்டையிற் படியெடுத்தல் கூடும். பெருவழக்கில் இருந்த மைஃபேர் கிளாசிக் அட்டையின் இரகசியக் குறிமுறையும் வலுவற்றது என்பதை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008 ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். எனவே, புத்தகக் கணக்கிற்குப் போதுமான எண், பணப்பெட்டியின் பூட்டாகிவிடாது.

இதனினும் பெரியது மனிதரின் தன்மதிப்பு. 2005 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சட்டர் என்னும் சிற்றூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகளின் கழுத்தில் இத்தகைய அட்டைகள் தொங்கவிடப்பட்டன. பெற்றோர் எதிர்த்தனர், சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இயந்திரம் பிழையாக இயங்கியது என்பதன்று அவர்களது முறையீடு. தம் பிள்ளைகளின் நடமாட்டம் தம்மைக் கேளாமலே பதியப்படுகின்றது என்பதே அது. ஆகவே, வாசல்தோறும் கருவி பொருத்துவோர், எதனைப் பதிவது, எத்துணைக் காலம் வைத்திருப்பது, யார் பார்ப்பது என்பவற்றை அவ்வாசல் வழியே செல்வோருக்கு முன்னரே அறிவித்து, அவர்தம் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும்.