மீனுக்குள் நோய்க் கிருமி நுழைவது எப்படி?

நன்றாக வளர்ந்து வந்த கெண்டை மீன்கள் திடீரென இரை எடுக்காமல் கரையோரம் ஒதுங்கும். சில நாட்களில் உடலில் இரத்தத் திட்டுகளுடன் செத்து மிதக்கும். ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும். குளத்தில் யாரோ விஷம் கலந்துவிட்டதாகச் சிலர் எண்ணுவதும் உண்டு. ஆனால் பல சமயங்களில் இதற்குக் காரணம் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாக் கிருமியே.

இக்கிருமி குளத்து நீரிலும் சேற்றிலும் எப்போதும் இருப்பதுதான். திடமான மீனை இது எளிதில் தாக்குவதில்லை. மீனின் மேலுள்ள வழவழப்பான படலம் கிருமியை ஒட்டவிடாமல் காக்கிறது.

நுழையும் வழி

வலையில் உரசிச் செதில் உதிர்ந்தாலும், மீன் பேன் கடித்தாலும் இப்படலம் கிழிந்துவிடும். அந்தப் புண்ணே கிருமிக்கு வாசல். செவுள் வழியாகவும், இரையுடன் குடல் வழியாகவும் அது நுழையலாம். உள்ளே பெருகும் கிருமி நஞ்சை வெளிவிட்டுச் சதையைக் கரைக்கிறது. இரத்த அணுக்களை உடைக்கிறது. சிவப்புத் திட்டுகளும் புண்களும் இதனாலேயே தோன்றுகின்றன. நோய் முற்றினால் வயிற்றில் நீர் கோத்து, செதில்கள் சிலிர்த்து நிற்கும்.

மீன் தளரும் காலம்

சாணமும் தீவனமும் அளவுக்கு மீறிச் சேர்ந்து அழுகினால் நீரில் பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதன் அடையாளம். இவ்வாறு தளர்ந்த மீனையே கிருமி முதலில் பற்றுகிறது.

செய்ய வேண்டியவை

மீன்கள் வாய் பிளந்தால் சாணம், தீவனம் இரண்டையும் நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். ஏக்கருக்கு 2,000 குஞ்சுகளுக்கு மேல் விடாதிருப்பது நல்லது. வெயில் ஏறுமுன் வலை இழுத்து, மீனை மென்மையாகக் கையாள வேண்டும். குஞ்சுகளை இருப்புச் செய்யுமுன் 10 லிட்டர் நீரில் 200 கிராம் உப்புக் கரைத்து, அதில் ஓரிரு நிமிடம் விட்டு எடுக்கலாம். குஞ்சுகள் தடுமாறினால் உடனே நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். வேறு குளத்தில் பயன்படுத்திய வலையை வெயிலில் நன்கு காயவைத்தே இறக்க வேண்டும்.

செத்த மீனைக் கரையில் எறியாமல், சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கண்ட மருந்தைக் குளத்தில் கொட்டுவதால் பணம்தான் வீணாகும். குளோராம்பெனிகால் போன்றவை தடை செய்யப்பட்ட மருந்துகள். நோயுற்ற மீனை உயிருடன் மீன்துறை அலுவலரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தையே பயன்படுத்த வேண்டும்.