லேப்காரர் தீர்மானித்த நிறம்

ஃபிலிம் காலத்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இருட்டறையில்தான் தொடங்குகிறார்கள். சிவப்பு பல்பு, ஹைப்போ வாடை, தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் மெல்ல எழும்பும் முகம். எல்லாம் நடந்ததுதான், ஆனால் கறுப்பு வெள்ளையில். 1980களின் பிற்பகுதியிலிருந்து நம் ஊர் ஆர்வலர்கள் எடுத்ததில் பெரும்பகுதி கலர். கலர் ரோலைக் குளியலறையில் கழுவியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 36 படமும் முடிந்ததும் ரோலை லேப் மேஜையில் வைத்தோம், ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு நடந்த எதிலும் நமக்குப் பங்கில்லை.

டிஜிட்டல் வந்து கைவேலையைப் பறித்துக்கொண்டது என்று சிலர் புலம்பும்போது நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். கலரில் பறிகொடுக்க நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைய மினிலேப் எந்திரம் என்ன செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். நெகட்டிவில் உள்ள எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அதன் கணக்கு. தெருவும் மரமும் நாலு பேரும் இருக்கும் சாதாரணப் படத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையில் மணப்பெண் சட்டம் முழுக்க நின்றால் பொருந்தாது. படத்தில் சிவப்பு அதிகமாகிவிட்டது என்று எந்திரம் எண்ணிக்கொள்ளும்; ஈடுகட்ட நீலப்பச்சையை ஏற்றும்; பெண்ணின் முகம் காய்ச்சல்காரி முகம் மாதிரி வெளிறிப்போகும். கன்னியாகுமரியில் விடியற்காலையில் காத்திருந்து எடுத்த சூரிய உதயத்துக்கும் இதே கதிதான். கருக்கலாக இருக்கவேண்டிய பாறையை எந்திரம் வெளுத்துச் சாம்பலாக்கும், செம்மஞ்சள் வானத்தைத் தணித்துவிடும். வேண்டுமென்றே அரை ஸ்டாப் குறைத்து எடுத்தவரின் எண்ணத்தைச் சில நொடிகளில் சரிசெய்து கையில் கொடுத்துவிடும். எந்திரத்தின் முன்னால் நிறத்தையும் அடர்த்தியையும் ஏற்றி இறக்கும் பொத்தான்கள் இருந்தன. நல்ல ஆபரேட்டர் படத்தைப் பார்த்து அவற்றைத் தட்டுவார். கல்யாண சீசனில் அவருக்கு ஏது நேரம்?

ஆகவே கலரில் பிடிவாதமானவர்கள் ஸ்லைடு ஃபிலிமுக்குப் போனார்கள். ஸ்லைடில் எடுத்ததே முடிவு, நடுவில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் வெளிச்சக் கணக்கு அரை ஸ்டாப் பிசகினாலே வெள்ளை வெளுத்துப்போகும். அதைத் தாளில் பெரிதாக்குவதும் செலவுக்காரர்களின் வேலை. பெரும்பாலான ஸ்லைடுகள் போட்டோ சங்கக் கூட்டங்களில் புரொஜெக்டரில் ஓடிவிட்டு டப்பாவுக்குள் திரும்பின.

கறுப்பு வெள்ளையின் கதை வேறு. அங்கே ஆர்வலர்தான் முதலாளி. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் ஆலை இயங்க ஆரம்பித்தது. ‘இந்து’ முத்திரையில் ஃபிலிமும் தாளும் உள்நாட்டிலேயே கிடைத்தன. தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காகத்தான் மலையில் ஆலை. ஆனால் அந்த ஃபிலிமைக் கழுவியது சென்னையிலும் மதுரையிலும். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டியிருக்கும். தட்டைச் சுற்றி ஐஸ்கட்டி வைத்து, இரவு பதினோரு மணிக்குமேல் வேலையைத் தொடங்குவார்கள். நல்ல ஃபைபர் தாளை ஹைப்போ போக ஒரு மணிநேரம் ஓடும் தண்ணீரில் அலசவேண்டும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சென்னையில் அந்த ஒரு மணிநேரம் வீட்டுக்குள் என்னென்ன பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று எழுதத் தேவையில்லை. பிரிண்ட் காய்ந்தபின் தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை நுனிப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக மறைக்கவேண்டும். பெரிய பிரிண்டை அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தபாலில் சலோன் போட்டிக்கு அனுப்புவார்கள். அது பின்பக்கம் லேபிள்கள் ஒட்டிய நிலையில் திரும்பி வரும்.

இந்த உழைப்புக்கு ஒரு பலன் இருந்தது. எந்தப் படத்துக்கு இவ்வளவும் தகும் என்று எடுக்கும்போதே யோசித்தார்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். யானை திரும்பும் கணத்துக்கு ஒரு சட்டம். இன்று வேடந்தாங்கலில் 150–600 மில்லிமீட்டர் லென்ஸோடு நிற்கும் இளைஞரின் கேமரா, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 20 படம் எடுக்கிறது. அன்றைய ஒரு ரோல் இவருக்கு இரண்டு நொடிகூட வராது. நாரை இறங்கும் அந்தக் கணம் இவரிடம் கட்டாயம் இருக்கும், அதுவும் 1982-இல் யாராலும் எடுத்திருக்க முடியாத துல்லியத்தோடு. ஆனால் அன்று மாலை வீட்டில் ஆயிரத்துச் சொச்சம் கோப்புகளில் அதைத் தேடி எடுக்கவேண்டும். முன்பு எடுப்பதற்குமுன் செய்த வேலை எடுத்தபின் செய்யும் வேலையாகிவிட்டது. பலர் அதைச் செய்வதில்லை, ஹார்ட் டிஸ்க்தான் நிறைகிறது.

மாற்றம் ஒரே இரவில் வரவில்லை. 1999-இல் வந்த நிக்கான் டி1-இல் 2.7 மெகாபிக்சல்தான், விலையோ பத்திரிகை நிறுவனங்கள் மட்டும் தாங்கக்கூடியது. ஆயிரம் டாலருக்குக் கீழே டிஜிட்டல் எஸ்எல்ஆர் உடல் கிடைத்தது 2003-இல், கேனன் 300டி-யில். அதன் 6.3 மெகாபிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட்டால் பத்துக்கு ஏழு அங்குலம் வரும். சலோன் அளவுக்கு அது எட்டாது. ஃபிலிம்காரர்கள் அன்று சிரித்ததில் தப்பில்லை.

நிறம் நம் கைக்கு வந்தது, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பினால். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. கன்னியாகுமரிப் பாறை எவ்வளவு கறுப்பாக இருக்கவேண்டும் என்பதை முதல் முறையாக எடுத்தவரே சொல்ல முடிந்தது. ஃபோட்டோஷாப்பில் இருட்டறையின் சாமான்கள் அப்படியே இருந்தன: ஓரிடத்தை வெளுக்கவைக்கும் கருவிக்குக் குச்சியில் ஒட்டிய வட்டத் தகடு, கருக்கவைப்பதற்குக் குவித்த கை. என்லார்ஜருக்கு அடியில் கையாட்டிப் பழகியவர்கள் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்கள். 2007-இல் லைட்ரூம் வந்தபின், ஒரு கல்யாணத்தின் ஆயிரம் படங்களுக்கும் ஒரே சீரான நிறம் கொடுப்பது ஒரு மாலை வேலையானது. 2013-இல் அடோபி மாதச் சந்தாவுக்கு மாறியபோது எழுந்த முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் இலவசமாக இருக்கிறது, பழகத்தான் பொறுமை வேண்டும். இப்போது வானத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க ஒரே கிளிக். இருட்டில் எடுத்த படத்தின் குருணையை மென்பொருளே அள்ளி எறிகிறது. இல்லாத கொக்கைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தும் என்பதால்தான், இயற்கைப் பிரிவுப் போட்டிகளில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்ற விதிக்கு முன்னைவிட வேலை கூடியிருக்கிறது.

அச்சின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் ருசி. இன்க்ஜெட்டில் காட்சிக்கு வைக்கும் தரத்தில் படம் போடமுடியும் என்று காட்டியவர்களில் முன்னோடி ஒரு பாடகர், கிரஹாம் நாஷ். அச்சகங்களில் மாதிரி பார்ப்பதற்கென்று இருந்த ஐரிஸ் 3047 எந்திரத்தை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கினார். தடித்த ஓவியத் தாள் உள்ளே போகாததால் அவருடைய ஆட்கள் ரம்பம் எடுத்து எந்திரத்தையே அறுத்தார்கள். உத்தரவாதம் போயிற்று, தாள் போயிற்று உள்ளே. 1991-இல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் திறந்தது. அந்த எந்திரம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த எந்திரம் போட்ட படங்களின் மை சீக்கிரம் மங்கியது வேறு விஷயம். வீட்டு பிரிண்டர்களின் ஆரம்பகால மைகளும் அப்படித்தான், வெயில் படாமல் வைத்தாலும் காற்றே அவற்றைத் தின்றது. 2000-க்குப் பிறகு பிக்மென்ட் மைகள் வந்துதான் நிலைமை மாறியது. வண்ணப் படங்களின் ஆயுளைச் சோதிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஹென்றி வில்ஹெல்மின் கணக்குப்படி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் நல்ல பிக்மென்ட் பிரிண்ட் நூறாண்டைத் தாண்டும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் 1970களின் கலர் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நீலப்பச்சைச் சாயம் போய் எல்லோரும் செங்கல் நிறத்தில் இருப்பார்கள்.

ஆக, சாதாரண மனிதர் வீட்டில் போட முடிந்த பிரிண்டுகளிலேயே ஆகச் சிறந்தது இன்றுதான் சாத்தியம். இன்றுதான் யாரும் பிரிண்ட் போடுவதில்லை. போடுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஒரே சுவரில்: திரையில் பளிச்சென்று இருந்தது தாளில் இருண்டு வருகிறது. குறை பெரும்பாலும் பிரிண்டரில் இல்லை, திரையில். கடையிலிருந்து வந்தபடியே கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் மானிட்டரை வைத்துத் திருத்தினால் படத்தைத் தேவைக்குமேல் கருக்கிவிடுவோம். வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவுக்கு இறக்கி, அளவீட்டுக் கருவியைத் திரையில் தொங்கவிட்டு நிறத்தைச் சரிபார்த்து, அந்தத் தாளுக்கும் மைக்கும் உரிய ஐசிசி புரொஃபைலைப் போட்டால் முக்கால் பங்கு தகராறு தீரும். மீதிக் கால் பங்குக்குச் சிறிய சோதனைப் பிரிண்டுகள்தான் வழி. இன்க் டேங்க் பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இன்னொன்று: வாரத்துக்கு ஒரு படமாவது போடாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பூஞ்சைக்குப் பயந்து லென்ஸைச் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் பூட்டுவது நம் கடற்கரை ஊர்களின் பழைய பழக்கம், பிரிண்டரைப் பூட்டி வைக்கக்கூடாது.

வீட்டில் பிரிண்டர் வேண்டாம் என்பவர்களுக்குக் கலர் லேப்கள் இன்னும் இருக்கின்றன. எஸ்ஆர்ஜிபி-யில் கோப்பைக் கொடுத்து, “கரெக்‌ஷன் எதுவும் பண்ணாதீங்கண்ணே, அப்படியே போடுங்க” என்று மறக்காமல் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சிவப்புப் புடவைக்குப் பழைய வைத்தியம் நடந்துவிடும் வாய்ப்பு இன்றும் உண்டு.

இதற்கு நடுவில் இருபது வயதுக்காரர்கள் ஃபிலிமுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அப்பாவின் யாஷிகாவைத் துடைத்து எடுத்து, ஃபிலிம் விற்கும் விலைக்கு ரோல் வாங்கி, 36 படத்தையும் எண்ணி எண்ணி எடுக்கிறார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ரோல் லேப்புக்குப் போகிறது, அங்கே ஒருவர் கழுவி ஸ்கேன் செய்கிறார், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் நிறத்தைத் தீர்மானிக்கிறது, படங்கள் லிங்க்காக போனுக்கு வருகின்றன. “ஃபிலிம் கலரே தனி” என்று அவர்கள் வியப்பதில் பாதி அந்த ஸ்கேனருக்குச் சேரவேண்டிய பாராட்டு. சிலர் நெகட்டிவைத் திரும்ப வாங்கக்கூடப் போவதில்லை. மேக்ரோ லென்ஸும் ஒரு லைட் பலகையும் இருந்தால், கையிலிருக்கும் டிஜிட்டல் கேமராவாலேயே அந்த நெகட்டிவைப் படமெடுத்து, தங்களுக்குத் தோன்றிய நிறத்தைக் கொடுக்கலாம். அதற்கு முதலில் லேப்புக்குப் போய் நெகட்டிவைக் கேட்டு வாங்கவேண்டும்.